டெங்கு என்று காட்டிய அட்டை

காய்ச்சல் வந்த முதல் நாள் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக டெங்கு வைரஸை வளர்ப்பதும் எண்ணுவதும் கொன்று பார்ப்பதுமே என் வேலை. ஆய்வகத்தில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது அது ஒருமுறை வந்துபோயிருக்கும். எனக்கு மட்டும் வந்ததே இல்லை. "செல்வி மேடத்தைப் பார்த்தா வைரஸே எழுந்து நிக்குது" என்று கிண்டல் செய்வார்கள். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்ணுக்குப் பின்னால் குடைகிற வலியோடு எழுந்தபோது என் கணவர் ஏழுமலையிடம், "கடைசியில எனக்கும் வந்துடுச்சுங்க" என்றேன்.

கழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"அனலா கொதிக்குது. இதுல சிரிப்பு இன்னா வேண்டிக்கெடக்குது?"

"இத்தினி வருஷம் நான் அதத் தேடினு போனேன். இப்போ அதுவா வந்திருக்குது."

எனக்கு வந்தது டெங்கு இல்லை. அது தெரிய எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளிலும் அதற்குப் பிறகும் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வைராலஜிஸ்ட். வைரஸ்களையும் அவற்றால் வரும் நோய்களையும் ஆராய்பவள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊரில் எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. செலியமேட்டில் வீடு. ஸ்கூட்டரில் தவளக்குப்பம் வந்து, கடலூர் ரோட்டில் ஏறி நகரத்தில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போய்வருவேன்.

அந்த ஆய்வகத்தில் நானும் அமுதாவும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் வில்லியனூர் பக்கம் ஒதியம்பட்டு. இரண்டு பேரும் கிராமத்துப் பெண்கள், இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தடுமாறும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மைக்ராஸ்கோப். பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர்த் தொட்டி தொட்டியாகக் கொசுப் புழு பிடித்தோம். கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்து, அதில் வைரஸை விட்டு, அது தின்ற இடமெல்லாம் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதை ஒவ்வொன்றாக எண்ணினோம். அவள் எண்ணியதை நான் ஒருமுறை எண்ணுவேன், நான் எண்ணியதை அவள். பிறகு மருந்து தேடினோம். தட்டில் வைரஸை அடக்கிய ஒரு பொருள் எலியில் ஒன்றும் செய்யாது. எலியில் வேலை செய்தது ஈரலைக் கெடுக்கும். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் இரண்டு பேரும் கேன்டீனில் போய் ஒரு வடையைப் பிய்த்துப் பாதிப்பாதி தின்போம். டெங்கு வைரஸைக் குறிவைத்துக் கொல்லும் மருந்து இன்றைக்கும் கடையில் கிடைக்காது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எவ்வளவு இறங்குகின்றன என்று கவனித்து, உடம்பு தானாக மீண்டு வரும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை.

அதனால்தான் முதல் மூன்று நாள் நான் வீட்டிலேயே இருந்தேன். பாராசிட்டமால், கஞ்சி, இளநீர். எனக்கு நானே வைத்தியம். நாலாம் நாள் வாந்தி நிற்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஏழுமலை என்னிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்து வீட்டுக் காரை வரவழைத்து, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

காய்ச்சல் காலம். தனி அறை ஒன்றுகூடக் காலி இல்லை. பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரமாக ஒரு படுக்கை கிடைத்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் டியூட்டி டாக்டர் வந்தார்.

"மேடம், நீங்க சொன்னதுதான். டெங்கு பாசிட்டிவ். பிளேட்லெட் கொஞ்சம் கம்மியா இருக்கு. பயப்படாதீங்க."

"எனக்கா பயம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அந்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், டெங்குவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் அதில் இருக்கிறதா என்று பார்க்கும். ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு கோடு விழுந்தால் இருக்கிறது. எனக்கு இரண்டு கோடு. எந்தக் கம்பெனி அட்டை என்று நான் கேட்கவில்லை. மற்றவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வி அது. அன்றைக்கு எனக்காகக் கேட்கத் தோன்றவில்லை.

நான் சேர்ந்த அன்றே பக்கத்துப் படுக்கைக்கு அஞ்சலை வந்தாள். குருவிநத்தத்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கரும்பு வெட்டுக்குப் போகிறவள். வெட்டிய கரும்பைச் சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் காய்த்திருந்தது. அவளுக்கும் நாலு நாளாகக் காய்ச்சல், அவளுக்கும் இரண்டு கோடு. நான் யார் என்று அட்டெண்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பிப் படுத்து, "யக்கா, நீங்க இந்த ஜொரத்தப் பத்தியே படிச்சவங்களாமே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்போ உங்களுக்கு ஏன் வந்துது?"

வார்டில் படுத்திருந்தவர்களில் அன்றைக்குச் சிரித்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

ஏழுமலை காலையும் மாலையும் செலியமேட்டிலிருந்து பைக்கில் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுவருவார். இரண்டாம் நாளிலிருந்து இரண்டு கேரியர் வந்தது. அஞ்சலையின் கணவர் சேகர் வெளியே நாற்காலி வரிசையில் பன் மட்டும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்ததை ஏழுமலை பார்த்துவிட்டார். "ரெண்டு பேருக்கு வடிக்கிற சோத்துல மூணாவது ஆளுக்கு இல்லாமயா போவும்?" என்றார் என்னிடம். என் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி நாற ஆரம்பித்தபோது, ஒரு பக்கெட்டை எடுத்துவந்து, படுக்கையின் ஓரத்தில் என் தலையைத் தொங்கவிட்டு அவரே அலசிவிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் தலைமுடியை அவர் அலசியது அன்றுதான். பெங்களூரில் இருக்கும் மகள் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

காய்ச்சலின் ஆறாம் நாள். டெங்குவாக இருந்தால் ஐந்து, ஆறு நாளில் சூடு இறங்க வேண்டும். இறங்கிய பிறகுதான் ஆபத்தான இரண்டு நாள் வரும். எனக்கு இறங்கவில்லை, அஞ்சலைக்கும் இல்லை. தலை பிளக்கிறது என்று முனகிக்கொண்டே இருந்தாள். இருமல் வேறு சேர்ந்துகொண்டது. அன்று பகலில் கை ஊன்றி எழுந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டாள்.

"யக்கா, நெசமா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாதே? எங்கண்ணன் வேற எடத்துக்குப் போலாமான்னு கேக்குது."

"டெங்குதான் அஞ்சலை. சில பேருக்கு ஏழு நாள்கூட போவும். எனக்குந்தான் எறங்கல, பாரு. தண்ணிய மட்டும் விடாத குடி. எங்க போனாலும் இதே வைத்தியந்தான்."

இதை நான் சொன்னேன். தெரிந்ததைச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அமுதா வந்தாள். இப்போது அவள் எங்கள் பிரிவுக்குத் தலைவி. ஆனாலும் என் எதிரில் அந்தப் பழைய ஒதியம்பட்டுப் பெண்தான். ஒரு பை சாத்துக்குடி, மெல்லிசான பருத்தி நைட்டி இரண்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எத்தினியாவது நாள்டி?"

"ஆறு."

"இன்னும் எறங்கலயா?" அங்கே வந்த சிஸ்டரிடம், "எந்த கிட்ல பாத்தீங்க?" என்று கேட்டாள். சிஸ்டர் அந்த அட்டையின் பெயரைச் சொன்னார். எனக்கு அப்போது காது அடைத்து ரீங்காரமாக இருந்தது, பெயர் விழவில்லை. அமுதாவின் கை சில்லிட்டதை மட்டும் உணர்ந்தேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். என் போர்வையை இழுத்து விட்டாள், மறுபடி இழுத்து விட்டாள். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது. என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் மாலை அஞ்சலைக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு விரிந்து விரிந்து அடங்கியது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினாள்.

எட்டாம் நாள் காலை ஷகிலா சிஸ்டர் எனக்கு உடம்பு துடைத்துவிட வந்தார். வில்லியனூர் சுல்தான்பேட்டைக்காரர். கையில் வேகமும் பேச்சில் நிதானமும் உள்ள பெண். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர், இடது மார்புக்கு அடியில், உள்ளாடைப் பட்டை அழுத்துகிற மடிப்பில் நிறுத்தினார்.

"மேடம், இங்க எதுனா சுட்டுக்கினீங்களா?"

"இல்லையே."

"வலிக்குதா?"

அழுத்தினார். வலிக்கவே இல்லை. போனை வாங்கிப் படம் எடுத்து என்னிடம் காட்டினார். பயறு அளவுக்கு ஒரு கரும்பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட் நுனியால் சுட்டு அணைத்த மாதிரி.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்த படம். ஸ்கிரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். இது வைரஸே இல்லை, பாக்டீரியா. புதரிலும் வரப்புப் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு இருக்கும். அது கடித்த இடத்தில் இந்தப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது, மடிப்புகளில் ஒளிந்திருக்கும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். தட்டணு குறையும், ஈரல் வீங்கும், விட்டுவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். பார்ப்பதற்கு டெங்கு மாதிரியே இருக்கும். ஒரே வித்தியாசம், இதற்கு மருந்து உண்டு. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரை. காய்ச்சலுக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மோட்டார் கொட்டகையைச் சுற்றி மண்டியிருந்த புதரை நானும் ஏழுமலையும் சேர்ந்து வெட்டினோம். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சிஸ்டர், ஐ.சி.யூ.வுல அஞ்சலையப் பாருங்க. பாவாடை நாடா கட்டற எடம், அக்குள், தொடை இடுக்கு. எல்லா எடத்தையும் பாருங்க. சீக்கிரம்!"

ஓடினார். திரும்பி வரும்போதே அவர் முகத்தில் தெரிந்தது.

"முதுகுப் பக்கம், நாடாவுக்குக் கீழ. இதே மாதிரி."

பத்து நிமிஷத்தில் டாக்டர்கள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் மருந்து தொடங்கியது. எனக்கு மாத்திரை, அவளுக்கு நரம்பு வழியாக. மறுநாள் இரவுக்குள் என் காய்ச்சல் இறங்கிவிட்டது. எட்டு நாளாக என்னை உலுக்கிய காய்ச்சல் நாலே நாலு மாத்திரையில் போய்விட்டது.

அஞ்சலையின் நுரையீரல் அதற்குள் நிறைந்துவிட்டிருந்தது. பத்தாம் நாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள். சேகர் வார்டு வாசல்வரை வந்து ஏழுமலையிடம் கழுவின கேரியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். எனக்கு எழுந்துபோய் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்றைக்குத்தான் ஷகிலா சிஸ்டரிடம் கேட்டேன், எந்தக் கம்பெனி அட்டை என்று. பெட்டியையே எடுத்துவந்து காட்டினார்.

அது நான் பரிசோதித்துத் தரம் சொன்ன அட்டை.

சில வருஷங்களுக்கு முன் அந்த அட்டையை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரிகள் வாங்குவதற்கு முன்னால் அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். பொறுப்பு அமுதாவுக்கு, கைவேலை எனக்கு. டெங்கு நோயாளிகளின் ரத்தத்தில் நன்றாகவே காட்டியது. நான் ஒரு படி மேலே போய், ஸ்கிரப் டைபஸ் என்று உறுதியானவர்களின் ரத்தத்தையும் அதில் விட்டுப் பார்த்தேன். சிலவற்றில் இரண்டு கோடு விழுந்தது. டெங்கு இல்லாத ரத்தத்தில் டெங்கு என்று காட்டியது. தனி அட்டவணை போட்டு, கீழே எழுதினேன்: ஸ்கிரப் டைபஸ் பரவும் ஊர்களில் இந்த அட்டையை மட்டும் நம்பக்கூடாது, கூடவே இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும், இதைப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் அச்சிட வேண்டும். நாலாம் நாள் டாக்டர் பாசிட்டிவ் என்றதும் நான் வேறு எதையும் யோசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். எந்த ஆஸ்பத்திரியும் அந்த இரண்டாவது பரிசோதனையைச் செய்யாமல் இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். அந்த வரி இல்லை.

ஆய்வகத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் போன் செய்து, இறுதி அறிக்கையை அனுப்பச் சொன்னேன். போனிலேயே பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். அட்டவணை இல்லை. ஸ்கிரப் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அமுதாவின் கையெழுத்து. அதற்குக் கீழே என்னுடையது.

அந்தக் கையெழுத்து எப்போது போட்டேன் என்று நன்றாக ஞாபகம் இருந்தது. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள். தவளக்குப்பம் சந்திப்பில் பூவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அமுதா காரை ஓரமாக நிறுத்தி இறங்கி வந்தாள். "ஒரு கையெழுத்துடி, இன்னிக்கே அனுப்பணும். உன் அட்டவணைய அனெக்ஸ்ல வச்சுட்டேன்" என்றாள். அனெக்ஸ் என்றால் அறிக்கையின் பின்னிணைப்பு. ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துக் கடைசிப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தேன். அவள் எண்ணியதை நான் ஒருமுறை எண்ணுவேன் என்று சொன்னேனே, அந்த ஒரு நாள் எண்ணவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அமுதாவே வந்தாள். ஏழுமலை மருந்து வாங்கப் போயிருந்தார். நான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அட்டவணை எங்கடி?" என்றேன்.

காதில் விழாதவள் போல அவள் நிற்கவில்லை. கட்டிலின் முனையில் உட்கார்ந்தாள்.

"சின்ன எண்ணிக்கதானே செல்வி. அடுத்த வருஷம் இன்னும் நெறைய பேர் ரத்தம் எடுத்துத் தனியா போடலாம்னு நெனச்சேன். சீசன் வந்துடுச்சு, ஆஸ்பத்திரிங்கள்ல கிட் இல்ல. கம்பெனிக்காரங்க தெனம் போன் பண்றாங்க, மேலேருந்தும் முடிச்சுக் குடுன்னாங்க. தலைவர் பதவிக்கு என் பேர் போயிருந்த நேரம் அது. டெங்குன்னு தப்பா காட்டினா இன்னா ஆயிடப்போவுது, ட்ரிப்ஸ் ஏத்துவாங்க, அவ்ளோதானேன்னு..."

"எங்கிட்ட அனெக்ஸ்ல இருக்குதுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அத்த வுடு. ஆறாம் நாள் வந்தியே. கிட் பேரக் கேட்டியே. கேட்டுட்டு ஒரு மணி நேரம் என் கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தியே. ஸ்கிரப்புக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா, ஏன்னு கேப்ப."

வார்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். அது உருண்டு நிற்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"உனக்கே தோணிடும்னு நெனச்சேன்டி" என்றாள். "வூட்டுக்குப் போயி தூங்கவே இல்ல. சாமி கும்பிட்டுக்கினே இருந்தேன்."

"பக்கத்துப் படுக்கையில இருந்தவ செத்துப்போயிட்டா, தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து என் தோளைத் தொட வந்தாள். "தொடாத. போ" என்றேன். வாசலில் ஏழுமலை எதிரே வந்து, ஒன்றும் தெரியாமல், "இன்னாமா, அதுக்குள்ள கெளம்பிட்ட? காப்பி சாப்ட்டுப் போ" என்று அவளிடம் சொல்வது கேட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் எனக்கு நடக்கவே தெம்பில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்த நேரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். என் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்த அட்டவணையைப் படமெடுத்து இணைத்து, நிர்வாகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்பினேன். அந்த அட்டையை வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அமுதா விடுப்பில் இருக்கிறாள். குழுவில் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது உங்கள் கையெழுத்துதானே?" ஆமாம் என்றேன். படிக்காமல் போட்டேன் என்றதும் அவர் எதையோ எழுதிக்கொண்டார். தோழி ஏமாற்றிவிட்டாள் என்பதைக் காகிதத்தில் எந்தப் பகுதியில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உடம்பு தேறியதும் ஏழுமலையோடு பைக்கில் குருவிநத்தம் போனேன். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். சேகர் வீட்டில்தான் இருந்தார். சுவரில் அஞ்சலை படம், கல்யாணத்தன்று எடுத்தது. சேகர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். சொன்னேன். அட்டை, அட்டவணை, அமுதா, கம்பெனி, கையெழுத்து, எல்லாம்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "டெங்கு இல்லன்னு மின்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்றார்.

"மாத்திர குடுத்திருப்பாங்க. பொழச்சிருக்க வாய்ப்பு நெறைய இருந்துது."

"அன்னிக்கு அவங்கண்ணன் கார் எடுத்துனு வந்துட்டாரு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"என்னிக்கு?"

"நீங்க அவகிட்ட டெங்குதான்னு சொன்னீங்களே, அன்னிக்கு. கீழ நிக்குது காரு. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்னு நான் மேல வந்தேன். 'வேணாம், அந்தக்காவே இதே ஜொரத்தோட இங்கதான் படுத்துக்கினு கீது, அதுக்குத் தெரியாததா? எங்க போனாலும் இதே வைத்தியந்தானாம், நான் இங்கயே இருக்கறேன்'னுட்டா. அவதான் காரத் திருப்பி அனுப்பினா."

நான் அந்த நேரம் கண்ணை மூடிக் கிடந்திருப்பேன். ஒரு கார் வந்ததும் திரும்பிப் போனதும் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

எழுந்தேன். "இருங்க" என்றார் சேகர். குரலில் கோபம் இல்லை. "அவங்கம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்குது. அதுகிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க. எனக்கு வாய் வராது."

உட்கார்ந்தேன். அந்த அம்மா வந்தார், அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அரிசிப் பையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களிடமும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியது குறைந்துகொண்டே வந்தது. முதலில் கம்பெனி போனது. பிறகு அட்டவணை போனது.

பொழுது சாயும் நேரத்தில் அஞ்சலையின் அண்ணன் வேலையிலிருந்து வந்தார். கார் கொண்டுவந்தவர். வாசற்படியில் நின்றபடியே, "இவங்கதானா அவங்க?" என்று சேகரிடம் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "உங்க தங்கச்சிக்கு வந்தது டெங்கு இல்லைங்க. டெங்குன்னு அவகிட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார். "எதையும் வுடாத சொல்லுங்க."